இறக்கத்தில் நியூட்ரல்

மேலகரத்தில் பெலிக்ஸ் வீட்டு வாசலில் அன்றைக்கு ஐந்து பேர் ஈரத் துண்டோடு வந்து நின்றார்கள். சீசனுக்குக் குற்றாலம் வந்த மதுரைக்காரர்கள். ஐந்தருவியில் குளித்த கையோடு டீக்கடையில் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். பெலிக்ஸ் கதவைத் திறந்ததும் அவர்களில் தடித்தவர் கேட்டார்.

"அந்த லாரி கேம் செஞ்சது நீங்கதான? நியூட்ரல ஏன் சார் கெடுத்தீங்க?"

"அப்டேட்ல அப்படி முடிவு பண்ணிட்டோம்."

"யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க? விளையாடுறது நாங்கள்ல?"

எங்கோ ஒரு பட்டணத்தில் உட்கார்ந்து கேம் செய்கிறவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. திட்டுகிறவர்கள் போனிலேயே திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அருவிக்குப் பக்கத்தில் குடியிருந்தால் சாரல் விழுந்ததும் நேரில் வந்துவிடுகிறார்கள். மனைவி ஷாரோன் ஐந்து பேருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். நன்றாக இருக்கிறது என்று குடித்துவிட்டு, தெருமுனையில் நின்று ஆளுக்கொரு ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்கள்.

பெலிக்ஸ் பாவூர்சத்திரத்தில் பிறந்தவன். காய்கறி மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிற சத்தத்தில் கண்விழித்து வளர்ந்தவன். சென்னையில் ஒன்பது வருடம், ஊரான் செய்த கேம்களில் பிழை கண்டுபிடித்துக் கொடுக்கிற வேலை. சொந்தமாக ஒன்று செய்யப்போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டு வந்தபோது அவனுடைய அப்பா மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேம் செய்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பது அவர் கவலை. ஷாரோன் வீட்டில் கொடுத்தார்கள். அங்கே ஐ.டி. என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

அவன் செய்த கேமுக்குப் பெயர் 'கோட்டைவாசல் லோடு'. பாவூர்சத்திரத்தில் தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு, செங்கோட்டை, புளியரை தாண்டி மலையேறி, புனலூரில் இறக்கிவிட்டு, அன்னாசி ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். கடைகளையும் போர்டுகளையும் ஷாரோன் வரைந்தாள். வண்டியைக் கற்றுக்கொடுத்தது பலவேசம்.

பலவேசம் கடையத்துக்காரன், நிஜ மினி லாரி டிரைவர், இருபத்தொன்பது வயது. கியர் சத்தமும் ஹாரன் சத்தமும் பதிவுசெய்ய பெலிக்ஸ் அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இரண்டு வருடம் புனலூருக்குப் போய்வந்தான். கேம் வெளிவந்ததும் முதலில் விளையாடியவன் பலவேசம், முதலில் குறை சொன்னவனும் அவன்தான்.

"எல்லாம் சரி அண்ணாச்சி. எறக்கத்துல நியூட்ரல் போட்டா டீசல் மிச்சமாவணும்லா? அது இல்லாம என்ன லாரி?"

மலைப்பாதை டிரைவர்கள் பலர் ரகசியமாகச் செய்கிற காரியம் அது. இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு வண்டியைத் தன் பாரத்திலேயே உருளவிடுவார்கள். டீசல் மிச்சமாகும். ஆனால் கியர் பிடிக்க வேண்டிய பாரத்தையும் பிரேக் ஒன்றே பிடிக்க வேண்டியிருக்கும். பிரேக் சூடேறிவிட்டால் அப்புறம் மிதித்து என்ன பயன்? பெலிக்ஸுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும், கேம்தானே என்று நியூட்ரலைச் சேர்த்தான். பிரேக் சூடேறுவதைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் சுவை போய்விடும் என்று நினைத்தான்.

அந்த நியூட்ரல்தான் கேமைத் தூக்கிவிட்டது. புளியரைக்கு மேலே எஸ் வளைவில், இன்ஜின் இரைச்சல் அடங்கி, காற்றுச் சத்தம் மட்டும் கேட்க, அன்னாசி லோடு உருண்டு இறங்கும் நாற்பது வினாடி. அதற்காகவே மூன்று லட்சம் பேர் விளையாடினார்கள்.

வைகாசி கடைசியில் ஒருநாள் மத்தியானம் பலவேசம் நிஜ லாரியில் நிஜ அன்னாசி லோடோடு அதே வளைவில் நியூட்ரலில் இறங்கினான். பிரேக் பிடிக்கவில்லை. வண்டி பாறையில் மோதி, அவனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பெலிக்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அவன்தான் சொன்னான்.

"எப்பவும் பாதி எறக்கத்துலயே கியரப் போட்டுருவேன் அண்ணாச்சி. அன்னைக்குக் கை போகவே இல்ல. கேம்ல கடைசி வரைக்கும் வரும்லா, அந்தப் பழக்கம்."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். பெலிக்ஸ் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

பத்தே நாளில் அப்டேட் வந்தது. இனி இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பிரேக் புகையும், பிடிக்காது, வண்டி பாறையில் மோதும். ஒரே வாரத்தில் நாலரை நட்சத்திரம் இரண்டே காலுக்கு வந்தது. 'நல்லா இருந்த கேம நாசமாக்கிட்டான்', 'பிரேக் பாடம் நடத்த நீ என்ன ஆர்.டி.ஓ.வா', 'பணத்தத் திருப்பிக் குடு' என்று வந்துகொண்டே இருந்தன. கடைசியாகச் சொன்னவர் இலவசமாக இறக்கியவர். வசவு எல்லாவற்றையும் பெலிக்ஸ் ஒன்றுவிடாமல் படித்தான். சாப்பாடு இறங்கவில்லை. விளம்பர வருமானம் வற்றியது.

"காரணத்தச் சொல்லிட்டா வாய மூடிக்கிடுவாங்கல்லா" என்றாள் ஷாரோன்.

"சொல்ல முடியாது. அவன் நஷ்டஈட்டுக் கேஸ் நடக்குது. நியூட்ரல்ல வந்தான்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா அவனுக்கு ஒண்ணும் கிடைக்காது."

"அப்போ நியூட்ரலத் திருப்பிக் குடுங்க. ரெண்டும் மாட்டேன்னு சிலுவை சுமக்க நீங்க என்ன ஆண்டவரா?"

பெலிக்ஸ் கடையத்துக்குப் பைக்கை எடுத்தான். பலவேசத்தைப் பார்த்தால், செய்தது சரி என்று மனசு ஆறும் என்று நினைத்தான்.

பலவேசம் கட்டிலில் சாய்ந்து போனும் கையுமாக இருந்தான். முகம் கறுத்துவிட்டது. வா என்று சொல்லவில்லை.

"நியூட்ரலத் திருப்பித் தாங்க அண்ணாச்சி."

"ஏலே, உனக்காகத்தாம்லே மாத்தினேன்."

"என்ட்ட கேட்டீங்களா?" பலவேசம் போனைத் தூக்கிக் காட்டினான். "நாளெல்லாம் இங்கன கெடக்கேன். இந்த ஒண்ணத்தான் ஓட்டுதேன். முன்னால எஸ் வளைவுல அப்படியே எறங்கி வந்துருவேன். புளியரைல வண்டிய ஓரங்கட்டுவேன். அந்த நேரத்துக்கு எனக்கு ஒண்ணும் ஆகலங்க. இப்போ வாரப்பெல்லாம் பாறையிலயே கொண்டுபோய் மோதுதீங்க. ஒருதடவ மோதுனது போதாதா?"

கியர் போட்டு இறங்கு என்று சொல்ல பெலிக்ஸுக்கு வாய் வந்தது. காலிருந்த இடத்தில் போர்வை படிந்து கிடப்பதைப் பார்த்தான்.

மறுநாள் பலவேசத்துக்கு மட்டும் என்று பழைய நியூட்ரலோடு தனியாக ஒரு கேம் செய்து, அவன் போனில் தானே ஏற்றிக் கொடுத்தான். யாருக்கும் கொடுக்காதே என்று இரண்டு தடவை சொன்னான். பலவேசம் தலையாட்டினான். வண்டி வளைவில் வழுக்கிக்கொண்டு இறங்கிப் புளியரையில் நின்றபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். அன்றைக்குத்தான் பெலிக்ஸ் வயிறாரச் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் காலையில் போன் ஓயாமல் அடித்தது. பழைய நியூட்ரல் வாட்ஸ்அப்பில் குரூப் குரூப்பாகப் போய்க்கொண்டிருந்தது. பலவேசத்தை அழைத்தான்.

"நம்ம டிரைவர் பயலுவ ரெண்டு பேரு கேட்டாங்க அண்ணாச்சி. கூட ஓடுன பயலுவ. இல்லன்னு எப்படிச் சொல்ல?"

திட்டவும் முடியவில்லை. போனவை போனவைதான். யார் யார் கையில் இருக்கிறது என்று இனி அவனாலேயே கண்டுபிடிக்க முடியாது. ஜனங்களோ பெலிக்ஸ்தான் மனம் இரங்கி ரகசியமாக விட்டிருக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். திட்டியவர்களே ஒற்றை நட்சத்திரத்தை அழித்துவிட்டு ஐந்து போட்டார்கள். 'அண்ணாச்சி மனசு தங்கம்' என்றார்கள். ஒவ்வொன்றும் பெலிக்ஸை முன்னைவிட அதிகமாகச் சுட்டது.

மத்தியானம் இரண்டு மணிக்குப் புதிய எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

'அண்ணாச்சி, நான் செங்கோட்டை பரீது. லாரி டிரைவர். நேத்து காலி வண்டியில எஸ் வளைவுல நியூட்ரல் போட்டு வந்தேன். அப்படியே உங்க கேம் மாதிரிதான், அச்சா வருது. இப்போ புனலூர்ல அன்னாசி லோடு ஏத்திட்டுக் கெளம்பிட்டேன். இன்னைக்கு லோடோட முழுசா விட்டு, வீடியோ எடுத்து அனுப்புதேன்.'

பெலிக்ஸ் அதைத் திறந்து பார்த்தபோது வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. 'வேண்டாம், கியர்ல வாங்க' என்று தட்டி அனுப்பினான். ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. அழைத்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. ஆரியங்காவுப் பக்கம் டவர் சரியாகக் கிடைக்காது. அங்கிருந்து எஸ் வளைவுக்கு எவ்வளவு நேரம் என்று பெலிக்ஸுக்கு நிமிடக் கணக்காகத் தெரியும். அந்தப் பாதையை அளந்து கேமில் வைத்தவன் அவன்தான்.

"நாலு நட்சத்திரத்தத் தொட்டாச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே ஷாரோன் அறைக்குள் வந்தாள்.

அவன் திரும்பிப் பார்க்காமல் மறுபடியும் அந்த எண்ணை அழுத்தினான்.