குடும்பத் தலைவர் என்ற கட்டம்

ஒருவருடைய ஆபத்து நீங்கிவிட்டது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? மட்டக்களப்பு நாவற்குடா இலட்சுமிப்பிள்ளையின் வாழ்க்கை ஐந்து வருடங்கள் இந்தக் கேள்விக்குள் சிக்கிக் கிடந்தது.

2004இல் சுனாமி கொண்டுபோன வீடு, தாய் அவளுக்குச் சீதனமாக எழுதியது. அவள் அதை மகள் சுலோஜனாவுக்கு எழுதிவைக்க இருந்தாள். மட்டக்களப்பில் வீடு பெண்ணுடையது. ஆண் அங்கே வந்து வாழ்பவன். ஒரு கிழமை தங்கினால் எவருக்கும் இது விளங்கிவிடும். வீடு கட்டித்தர வந்த சர்வதேச நிறுவனத்துக்கு அந்த ஒரு கிழமை கிடைக்கவில்லை. அதன் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டம் இருந்தது. அதில் புருஷன் அழகரத்தினத்தின் பெயர் ஏறியது. புது வீடும் அவர் பெயரில் வந்தது.

"வீடு என்ட, தம்பி. இந்த மனிசன் கலியாணம் முடிச்சு வந்தவர்," என்றாள், நிறுவனத்தின் இணைப்பாளர் ரதீஸிடம்.

"நான் தலைவரெண்டு எனக்கே இண்டைக்குத்தான் தெரியும்," என்றார் அழகரத்தினம்.

"அவசரகால விதி, அம்மா. அது முடியுமட்டும் பேர் மாத்தேலாது."

"எப்ப முடியும், மனே?"

"வெளிநாட்டில, தலைமை அலுவலகத்தில சொல்லுவாங்க."

"அங்க கடல் கிடக்கா?"

ரதீஸ் யோசித்தான். "இல்லையாம்."

ஆறு மாதத்துக்கொரு தடவை அவசரகாலம் நீடிக்கப்பட்டது. அலையின் கதை பழசானபோது வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சண்டை மூண்டு புதுக் காரணம் தந்தது. உள்ளூர் அதிகாரிகளும் நிறுவனத்தையே கைகாட்டினார்கள். அச்சத்தின் பேரில் வாங்கிய அதிகாரத்துக்கு அச்சம்தான் சாப்பாடு. நிறுவனத்துக் கனவான்கள் அதைப் பட்டினி போடவில்லை. கரடியனாற்றிலிருந்து சுலோஜனாவைப் பெண் கேட்டு வந்தவர்கள், வீட்டு உறுதிப் பத்திரம் கைக்கு வரட்டும் என்று இரண்டு வருடம் காத்திருந்தார்கள்.

2009இல் போர் முடிந்தது. அவசரகாலமும் முடிந்ததென்று தலைமை அலுவலகம் அறிவித்தது. நிறுவனம் பந்தல் போட்டு, பெண்களுக்கும் வீட்டுரிமை உண்டு என்று மட்டக்களப்புப் பெண்களுக்கே பாடம் நடத்தியது. கைதட்டச் சொன்னார்கள், தட்டினார்கள்.

"இனி வீடு உங்கட பேரில, அம்மா. நிறுவனம் தந்ததெண்டு ஒரு கையெழுத்து வைச்சாச் சரி," என்று ரதீஸ் பேனையை நீட்டினான்.

ஐந்து வருடம் அலைந்து கேட்டது அதைத்தான். இலட்சுமிப்பிள்ளை பேனையை வாங்கவில்லை. வீட்டை நேரே மகளுக்கு எழுதிவிடும்படி புருஷனிடம் சொல்லிவிட்டுப் பந்தலை விட்டு வெளியேறினாள்.

அப்படியே எழுதப்பட்டது. கலியாணமும் நடந்தது. தாய்வழியில் வந்த உறுதிகளில், எழுதிக்கொடுத்த தாயின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஆணின் பெயர் இருப்பது இந்தக் கடைசி உறுதியில் மட்டும்தான். ஏன் என்று சுலோஜனா பலமுறை கேட்டிருக்கிறாள். தாய் சொன்னதில்லை.