முட்டி தைத்த ஸ்டாப்பர்

கால்பந்துல ஸ்டாப்பர்ங்கறது கோலுக்கு முன்னால வாசப்படியில நிக்கற வேலை. பந்து உள்ள போனா திட்டு நமக்கு, போகாட்டி பேரு கோல்கீப்பருக்கு. முட்டியில கட்டுப் போட்டுக்கிட்டு மைதானத்து ஓரத்துல பொருமிக்கிட்டிருக்கற அக்கா தங்கச்சிங்களே, இது உங்களுக்காகத்தான்.

விழுந்த அன்னிக்கு

அரூர்ல ஒரு டோர்னமெண்ட். ஒரு கோல் முன்னாடி இருந்தோம், ஆட்டம் முடியற நேரம். எதிர் டீம் பொண்ணு இடப்பக்கமா வெட்டி ஓட, நானும் திரும்பினேன். உடம்பு திரும்பிச்சு, முட்டி திரும்பல. உள்ளுக்குள்ள படக்குனு ஒரு சத்தம். உசுரு போற வலி, அப்படியே சாஞ்சுட்டேன்.

ஸ்டிரெச்சர் வரும்னு பாத்தா, ஜனங்க விசில் அடிக்கறாங்க! ஜெயிக்கற டீம்காரி விழுந்தா நடிப்புன்னுதானே நினைப்பாங்க? எதிர் டீம் ஆளு ஒருத்தரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கத்தினாரு: "ரெஃப்ரி சார், அந்தப் பொண்ணு டைம் ஓட்டுதுங்க, எழுப்பி வுடுங்க!"

பாக்க வந்தவங்க

சேலத்துல ஆபரேஷன். மூட்டுக்குள்ள அறுந்த நாரை எடுத்துட்டு வேற வெச்சுத் தச்சிருக்கு, பயிற்சியை வுடாம பண்ணினா திரும்ப ஆடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. எனக்கு அது போதும். பாப்பாரப்பட்டியில எங்க வூட்டுக் கட்டில்ல படுத்துக்கிட்டே கணுக்கால்ல கேழ்வரகுப் பையைக் கட்டிக் காலைத் தூக்கித் தூக்கி எறக்குவேன். அழுவேன், மறுபடி தூக்குவேன். ஆடியே தீரணும், வேற பேச்சே இல்ல.

பாக்க வந்த சொந்தக்காரங்க சாத்துக்குடியோட மாப்பிள்ளை விவரமும் கொண்டு வந்தாங்க. பெரியம்மா என் காலைத் தடவிக்கிட்டே சந்தோஷமா சொன்னாங்க: "போவட்டும் வுடு கண்ணு, இனி பந்துத் தொல்லை இல்ல. வர்ற தையிலயே முடிச்சுப்புடலாம்!"

புளிக்காரக்கா

நடை தேறினதும் மைதானத்துக்குப் போனேன். மாசியில அங்க பாதி இடம் புளிக்குத்தான். மாதம்மாக்கா மரங்களக் குத்தகைக்கு எடுத்து, பழத்தை அங்க காயப்போட்டுக் காவல் நிப்பாங்க. தூக்கி அடிச்சா பந்து புளிமேல வுழும். அதனால தரையோட தரையா சின்னச் சின்ன பாஸ்லயே ஆடப் பழகினோம். எனக்கும் அதுதான் வசதி. நீட்டி உதைக்க அப்ப பயம்.

ஒரு தடவ எங்க கோல்கீப்பர் ஜெனிஃபர் மறந்துபோயி ஓங்கி உதைச்சா. பந்து நேரா புளி நடுவுல போயி உக்காந்துக்கிச்சு. மாதம்மாக்கா அதை எடுத்து இடுப்புல இடுக்கிக்கிட்டாங்க: "வந்து ஆளுக்கொரு கூடை புளி தட்டிக் குடுத்துட்டு வாங்கிக்கங்கடி!"

திரும்பி வந்த ஆட்டம்

அடுத்த டோர்னமெண்ட் தர்மபுரியில. முதல் பாதி முழுக்கக் காலை வுடப் பயந்து ஒதுங்கினேன். ஒதுங்கின வழியிலயே ஒரு கோல் வாங்கினோம். பின்னாலருந்து ஜெனிஃபர் கத்தினா: "அக்கா, ஆட வந்தீங்களா, வழி வுட வந்தீங்களா?"

சுருக்குன்னு இருந்துச்சு. ரெண்டாம் பாதியில அவங்க ஃபார்வேர்ட் இடப்பக்கமா வெட்டினா. வர்றது வரட்டும்னு திரும்பினேன். முட்டியும் கூடவே திரும்பிச்சு! பந்து என் கால்ல. அடேயப்பா, அந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அப்பறம் நாங்களும் ஒண்ணு போட்டோம், ஆட்டம் டிரா. கடைசி விசில் வரைக்கும் நான் உள்ளதான் நின்னேன்.

முடிஞ்சதும் எதிர் டீம் பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு முட்டி பெல்ட்டோட நொண்டிக்கிட்டு வந்தா. பெல்ட்டைக் கழட்டித் தன் தழும்பை என் தழும்புக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்தா. ரெண்டும் ஒரே மாதிரி. அவளும் கோல் போடற ஃபார்வேர்டுதானாம், இனி எங்க ஆடப்போறோம்னு பூட்ஸைக்கூட தங்கச்சிக்குக் குடுத்துட்டாளாம். நான் என் முட்டியை மடக்கி நீட்டிக் காட்டினேன். அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சா: "இன்னிக்கே போயி பூட்ஸைப் புடுங்கிக்கறேன்க்கா. அடுத்த வருஷம் உங்களத் தாண்டித்தான் என் முதல் கோல்!"

ஆக, ஒருத்திக்குத் தைரியம் குடுக்கறதுன்னா, நமக்கு நாமே ஒரு ஃபார்வேர்டைத் தயார் பண்ணி எதிர்ல நிறுத்திக்கறதுன்னு அர்த்தம்ங்க.