வார்சினியின் முதுகு

சோலோ நகரில் மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்பவள் வார்சினி. முடக்குவாதம் அவள் விரல் மூட்டுகளைப் பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தது. மணப்பெண்ணின் நெற்றியில் மை வளைவு தீட்டும்போது கை பிசகக் கூடாது. அதனால் சந்தையில் விற்ற மூலிகைப் பொடியைத் தினமும் கலக்கிக் குடித்தாள். வலி ஓடிப்போனது. முகமும் உருண்டு பளபளத்தது.

"கல்யாணப் பொண்ணு அவளா, நீயா? கன்னத்தைப் பாரு!" என்று நாத்தனார் யாத்மி கிண்டலடிப்பாள்.

ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் பத்திக் துணி மடிப்பைச் சரிசெய்ய வார்சினி குனிந்தாள். முதுகில் மளுக்கென்றது. யாரும் இடிக்கவில்லை, அவள் விழவுமில்லை. நிமிரத்தான் முடியவில்லை.

"அக்கா, என்னாச்சு?" என்றாள் மணப்பெண்.

"நீ ஆடாதே. மை காயட்டும்."

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது.

"முடக்குவாதமே எலும்பை அரிக்கும். அந்தப் பொடியில ஸ்டீராய்டு கலந்திருப்பாங்க போல, அதுவும் சேர்ந்து அரிச்சிருக்கு. வைட்டமின் டி வேற அடிமட்டத்துல இருக்கு. வெயில் பக்கமே போறதில்லையா?" என்றார் டாக்டர்.

"கறுத்துப் போனவகிட்ட யாரு டாக்டர் அலங்காரத்துக்கு வருவா? பொடியை இன்னைக்கே சாக்கடையில கொட்டிடறேன்."

"ஐயையோ, சட்டுனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா! உடம்பு பழகிடுச்சு. பொடிக்குப் பதிலா நான் அளவா மாத்திரை தர்றேன். மெல்ல மெல்லத்தான் குறைக்கணும். எலும்பு பலப்பட வேற மாத்திரையும் எழுதறேன்."

சாப்பிட்டாலும் பயம், விட்டாலும் பயம். கணவன் பனுட் தோளில் கை வைத்தால், "தொடாதீங்க, நொறுங்கிடுவேன்" என்று அலறினாள். பைக்கில் ஏற மறுத்தாள். இருமல் வந்தால் வாயைப் பொத்தி அடக்கினாள். கட்டிலை விட்டு இறங்குவதே குறைந்தது.

யாத்மிதான் விடவில்லை. "படுத்தே கிடந்தா இருக்கிற எலும்பும் போயிடும்னு டாக்டர் சொன்னாருல்ல? வாடி, நானும் உன்கூடவே கறுத்துத் தொலைக்கிறேன்" என்று தினமும் வெயிலில் நடக்க வைத்தாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் வார்சினி வாசலில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். வலி தெரியும் முன்பே ஓலமிட்டாள். படம் எடுத்துப் பார்த்தால், எதுவும் உடையவில்லை. அங்கேயே விசும்பி அழுதாள்.

"இனிமே உடையாதா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு எலும்பு அரிக்கிறது நின்னிருக்கு. எலும்பு மாத்திரையை விடாதீங்க."

அந்த வாரமே ஒரு கல்யாணத்துக்குப் போனாள். மணப்பெண்ணை உயரமான முக்காலியில் உட்கார வைத்து மை தீட்டினாள். துணி மடிப்பை யாத்மி குனிந்து சரிசெய்தாள். வார்சினி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.