ஊக்கமூட்டும் குழுவும் ஒரு முட்டி வலியும்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் போடி சபையில் ஊக்கமூட்டும் குழு என்று ஒன்று இருந்தது. புது விசுவாசிகளைத் தாங்கி நடத்துவது அதன் வேலை. குழுவில் மூன்று பேர்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஏலக்காய் வியாபாரி ஒருவர், செயலாளராக நான். எனக்கு முப்பது வயது, வாத்தியார் வேலை, எதைப் பார்த்தாலும் சிவப்பு மையால் திருத்தத் துடிக்கும் கை. தகுதிக்கு ஒரு குறையும் இல்லை.

முதலில் எங்களிடம் அகப்பட்டவர், மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகு போடுகிறவர். என் வயதுதான். ஞானஸ்நானம் பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஜெபக்கூட்டத்தில் அவரை ஜெபிக்கச் சொன்னோம். எழுந்து நின்றார். "ஆண்டவரே, மழ நல்லாப் பெய்யுது, சந்தோசம். எல்லாரும் நல்லாருக்கணும்னு கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

உடனே ஊக்கமூட்டினோம். ஆண்டவரிடம் 'கேக்குறேன்' என்பது மரியாதை இல்லை, 'வேண்டிக்கொள்கிறேன்' என்று சொல்ல வேண்டும் என்றார் தலைமையாசிரியர். வியாபாரி, விறகுக்காரரின் சட்டைப் பையில் இருந்த பீடிக்கட்டை எல்லோரும் பார்க்கும்படி சுட்டிக்காட்டி அன்போடு கண்டித்தார். நான் என் பங்குக்கு, அழகான தமிழில் பன்னிரண்டு மாதிரி ஜெபங்களை எழுதி நோட்டாகக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் "சரிங்கய்யா" என்றார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. இவ்வளவு ஊக்கம் வாங்கிய பிறகு ஒரு மனிதர் எப்படிச் சோர்ந்துபோகிறார் என்று எங்களுக்கு விளங்கவே இல்லை.

குழு கூடி, வடை தின்று, அவர் பின்வாங்கிப்போனதாக ஒருமனதாய்த் தீர்மானித்தது. பிறகு வியாபாரியின் ஜீப்பில் மலைக்குப் போனோம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் ஜீப்பு நின்றதுமே அவர் பின்பக்கமாக ஓடி ஏலச்செடிகளுக்குள் புகுந்துகொண்டார். செடி அசைவது நன்றாகவே தெரிந்தது. அவர் மனைவி பால் இல்லாத கட்டஞ்சாயா கொடுத்தார். கணவரின் கடின இருதயம் இளக வேண்டுமென்று, செடிவரைக்கும் கேட்கிற சத்தத்தில் தலைமையாசிரியர் ஜெபித்தார். கடமை முடிந்தது, இறங்கிவிட்டோம்.

ஏழெட்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, அவரே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட வந்தவர், அதே எஸ்டேட்டுக்குத் தினமும் ஜீப்பில் போய் ஏலக்காய் பறிக்கும் எங்கள் சபை அக்கா ஒருவர். எழுத்து தெரியாதவர் என்பதால் எங்கள் குழுவுக்கு அவரை யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"என்னக்கா சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நான் என்னத்தச் சொல்ல சார்? எனக்கு முட்டி வலி. தம்பி, எனக்காக ஒரு வார்த்த ஆண்டவர்கிட்டக் கேளுன்னேன். எனக்குச் சொல்லத் தெரியாதுக்கான்னாரு. வலிக்கிறது எனக்கு, நீ எப்படிச் சொன்னாலும் அவருக்கு வெளங்கும்னேன். அன்னையிலிருந்து தெனமும் சோத்து நேரத்துல கேப்பாரு."

"நான் ஒரு நோட்டுக் குடுத்திருந்தேனே?"

"காட்டுனாரு சார். அதுல முட்டி வலிக்கு ஒண்ணும் இல்லையாம்."

"இப்ப வலி போயிருச்சா?"

"வலி எங்க போகும்? தம்பிதான் வந்துட்டாரு."

அந்த வருட அறிக்கையை நான்தான் எழுதினேன். சோர்ந்துபோன ஒரு சகோதரர் குழுவின் அயராத உழைப்பால் மீட்கப்பட்டார் என்று வாசித்தபோது சபை கைதட்டியது. அந்த அக்காவும் மனதாரத் தட்டினார். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் வாசித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தில் நாட்டுக்காகவும் உலகத்துக்காகவும் நீளமாக ஜெபித்து முடித்தேன். வெளியே செருப்பு மாட்டும்போது விறகுக்காரர் பக்கத்தில் வந்தார்.

"ஊருக்கெல்லாம் கேட்டீங்க சார். உங்களுக்கு ஒண்ணும் வேண்டாமா?"

என்ன நினைத்தேனோ, பக்கத்தில் தேவாரம் என்ற ஊரில் இருக்கும் அண்ணனோடு இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்திலேயே கண்ணை மூடி, "இவுக அண்ணன் தம்பி பேசணும் ஆண்டவரே" என்றார். அதோடு விட்டாரா? ஒவ்வொரு ஞாயிறும் "அண்ணனப் பாத்தீங்களா சார்?" என்று கேட்பார். பரீட்சை, பேப்பர் திருத்தணும், பஸ்சு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "சரிங்க சார், நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்பார். ஆண்டவரிடமா, என்னிடமா என்று தெளிவாகச் சொல்லமாட்டார்.

நான்காம் வாரம், அவரிடமிருந்து தப்பிக்கவே தேவாரம் பஸ்சில் ஏறினேன். வாசலில் என்னைப் பார்த்த அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மதினிதான் இலை போட்டார். பாதிச் சாப்பாட்டில் அண்ணன், "ரசம் ஊத்தவா?" என்றார்.