பீரங்கியை இழுத்தவர்

என் அக்கா வீட்டுக்காரர் பட்டாளத்தில் பீரங்கி சுட்டவர் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அவர் ஆமாம் என்றதும் இல்லை, மறுத்ததும் இல்லை. உண்மையில் ஒரு குண்டைக்கூட அவர் சுட்டதில்லை. பீரங்கியை இழுத்துப்போகும் லாரிக்கு டிரைவர், அவ்வளவுதான்.

அந்தப் பீரங்கிக்குச் சொந்தமாக இன்ஜின் கிடையாது. லாரியின் பின்னால் கொக்கியில் மாட்டித்தான் இழுக்க வேண்டும். இடம் வந்ததும் கழற்றி, அதன் இரண்டு இரும்புக் கால்களையும் அகல விரித்து, நுனிகளை மண்ணில் புதைப்பார்கள். சுடும்போது குழாய் மட்டும் பின்னுக்குப் பாய்ந்து திரும்பும், பீரங்கி நகராது. லாரி பக்கத்தில் நிற்கக் கூடாது. எதிரி திருப்பி அடித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அதனால் அத்தான் தூரத்து மரங்களுக்குள் வண்டியை மறைத்து, முகப்பைச் சாலைப் பக்கம் திருப்பிவைத்து, கூப்பிடும்வரை ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டதும் வண்டியோடு போய்ப் பீரங்கியை மாட்டிக்கொண்டு, எதிரி இடத்தைக் கண்டுபிடிக்கும் முன் கிளம்பிவிட வேண்டும்.

ஒருமுறை மயிரிழையில் தப்பினார்கள். கிளம்பிய கையோடு பழைய இடத்தில் குண்டு விழுந்தது. வண்டியின் பின்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்களாம். அத்தான் முன்னால் தனியாக ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு பொறுக்கவில்லை.

ஓய்வு பெற்று வந்தும் மனிதர் மாறவில்லை. கல்யாண வீடோ சாவு வீடோ, அக்காவை வாசலில் இறக்கிவிட்டுத் தெருக்கோடியில் காரோடு காத்திருப்பார். சாப்பாட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். கூடவே வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்வேன். சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். உள்ளே அக்காவின் பக்கத்து நாற்காலியில் எப்போதும் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும்.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அதே கதைதான். இனி நம்பிக்கை இல்லை, பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அக்கா அத்தானைத்தான் கேட்டாள். விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினேன். என் தலையைக் கண்டதும் அத்தான் காரை ஸ்டார்ட் செய்தார்.

“அணைங்க அத்தான். அக்கா கூப்பிடறா, மேல வாங்க.”

“நான் இங்க இல்லன்னா அவள யாரு கூட்டிட்டுப் போறது?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போனேன். அறை வாசலோடு நின்றுவிட்டார். கட்டிலைச் சுற்றி எங்கள் சொந்தபந்தம் மொத்தமும் நின்றது. அவருக்கு வழிவிட வேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை, அத்தனை பழகிப்போயிருந்தோம் அவர் இல்லாமல். அக்காதான் கையை நீட்டினாள்.

“கீழ காத்திருக்காதீங்க,” என்றாள். “இந்தத் தடவ நான் வரல.”

அத்தான் திருதிருவென்று விழித்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் அக்கா போய்விட்டாள். நாங்கள் எல்லோரும் அழுதபடி வெளியே வந்தோம். அத்தான் மட்டும் வரவில்லை.