தோட்டத்துப் பெயர் கொண்ட ஊர்

ஸ்கொட்லாந்தைச் சுற்றிப் பார்க்கக் கொழும்பிலிருந்து பதினான்கு பேர் ஒரே பஸ்ஸில் போயிருந்தோம். முன் சீற்றில் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர். வெள்ளைத் தலை, தடித்த கண்ணாடி. நாங்கள் கோட்டைகளையும் ஏரிகளையும் படம் பிடிக்க, அவர் வீதியோரப் பலகைகளை ஒன்றுவிடாமல் வாய்விட்டு வாசித்துக்கொண்டு வருவார்.

மூன்றாம் நாள் திடீரென எழுந்து நின்றார்.

"தம்பி, வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க. நான் பொறந்த தோட்டத்துப் பேரு அந்தப் போர்டுல இருக்கு."

எங்களைக் கூட்டிச் சென்ற வழிகாட்டி தயங்கினார். "அன்ரி, இந்த இடம் எங்கட ப்ரோகிராமில இல்லை."

"எங்க பாட்டன், அப்பா எல்லாரும் இந்தப் பேருள்ள தோட்டத்துலதான் தேயிலைக் கொழுந்து எடுத்தாங்க. அஞ்சு நிமிஷம் போதும்."

பஸ் நின்றது. இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு, இந்த ஸ்கொட்லாந்து ஊரிலிருந்து போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் வைத்த பெயராம். சின்ன ஊர், ஒரு தேவாலயம், ஒரு கடை, பத்துப் பன்னிரண்டு வீடுகள். அவர் பலகையைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இவ்வளவுதானா? எங்க தோட்டம் இதைவிடப் பெருசு தம்பி."

எல்லோரும் கைதட்டினோம். அவர் திரும்பி வந்து பஸ்ஸில் ஏறியபோது பதின்மூன்று பேரும் எழுந்து நின்றோம். அப்படிச் செய்யும்படி எங்களிடம் யாரும் சொல்லவில்லை.