இரண்டாம் பாகத்து இருமல்

பியானோ நுழையப்போகிறது என்று தெரிந்ததும் நாகசுப்பிரமணியன் தன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுகிறார். கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினால் கடை மூடியதற்குச் சமம். "ஃப்ரேம் பாக்கணுங்க" என்று யாராவது வந்து நின்றால், "உக்காருங்க, பாப்போம்" என்கிறார், வந்தவர் நிற்கும் திசைக்கு முகத்தைத் திருப்பாமலே. காதில் செருகிய ஒயரின் நுனி சட்டைப்பைக்குள் போகிறது. பியானோ நுழைந்து, நாலு வரி வாசித்து, வாத்தியக் குழுவிடம் பேச்சை ஒப்படைக்கும்வரை அவருக்கு வியாபாரம் இல்லை. பிறகு அந்தப் பதிவை நிறுத்திவிட்டு, அதே இசையை வேறொருவர் வாசித்ததைத் தேடுகிறார். அதிலும் அதே நாலு வரி.

மதுரையில் விளக்குத்தூணிலிருந்து கீழவாசலுக்குப் போகும் வழியில், இரண்டு ஜவுளிக் கடைகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கிற கடை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சிவந்த மெலிந்த உடம்பு, எப்போதும் முழுக்கைச் சட்டை. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். கோபம் வந்தால் மட்டும் அவர் மனைவி ஹம்சவேணி தமிழுக்கு மாறுகிறார், கீழ்ப்பகுதியில் குடியிருப்பவர்களுக்கும் புரியட்டும் என்று. "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இம்புட்டு யோசிக்கலை இந்த மனுசன். ஒரே பாட்ட நூறு பேரு வாசிச்சா நூறையும் கேக்கணுமா?"

நூறு என்பது மிகை இல்லை. அவருக்குப் பைத்தியம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பியானோ கான்செர்டோக்கள்மேல். ஒரு பியானோவும் பெரிய வாத்தியக் குழுவும் எதிரெதிரே நின்று, சண்டை போட்டும் சமாதானமாகியும் அரைமணி நேரத்துக்கு மேல் பேசிக்கொள்ளும் இசை. இசையமைத்தவர்களின் பெயர் அவர் வாயில் நுழைவதில்லை என்று சொல்ல முடியாது. சொல்லப் பிடிக்காது, அவ்வளவுதான். போலந்துக்காரர், நார்வேக்காரர், ஜெர்மன்காரர் என்று ஊரைச் சொல்லியே குறிப்பிடுவார், பக்கத்துத் தெரு ஆட்களைச் சொல்வதுபோல.

இந்தப் பைத்தியம் தமுக்கம் மைதானத்தில் பிடித்தது. அவர் இளைஞராக இருந்தபோது சோவியத் புத்தகக் கண்காட்சிகளில் இசைத்தட்டும் மலிவாகக் கிடைக்கும். ஒருநாள் அவர் எடுத்த தட்டின் மறுமுனையை இன்னொரு கை பிடித்திருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுப் பிள்ளை, அப்போதுதான் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்த சிவக்குமார். "நீங்க வாங்குங்க, நான் ஒங்க வீட்டுக்கு வந்து கேட்டுக்கிறேன்" என்றார் சிவக்குமார். வந்தார். பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். சீக்கிரத்தில் இருவரும் மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்ளும் அளவுக்கு ஆனார்கள். மதுரையில் இந்த இசையைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்கிறவர்கள் தாங்கள் இரண்டு பேர்தான் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க யாரும் வரவில்லை.

அவர்களுடைய பெரிய வழக்கு இரண்டு பதிவுகளைப் பற்றியது. இசை ஒன்றேதான், போலந்துக்காரருடையது. தமுக்கத்தில் வாங்கிய அந்தத் தட்டில் வாசித்தவர் ஒரு பெண். பின்னால் சென்னை நடைபாதையில் நாகசுப்பிரமணியன் வாங்கிவந்த கேசட்டில் அச்சிட்டிருந்தது ஓர் ஆணின் பெயர். சிவக்குமாருக்கு அந்தப் பெண். நாகசுப்பிரமணியனுக்கு அந்த ஆண்.

"மாப்ள, அந்தம்மா அழுகைய அடக்கிக்கிட்டு வாசிக்குது. ஒன் ஆளு டவுன் பஸ்ஸப் புடிக்க ஓடுறான்யா."

"அவன் ஓடலை. தெரிஞ்ச வழியில நடக்கிறான். அந்தம்மாதான் வழி தெரியாம நின்னு நின்னு போகுது."

கேசட்டில் சுருதி ஒரு நூல் ஏறியிருப்பதைச் சிவக்குமார் ஒருமுறை சுட்டிக்காட்டினார். அதற்கும் நாகசுப்பிரமணியனிடம் விளக்கம் இருந்தது. "அந்த ஊரு குழுவுல சுருதியக் கொஞ்சம் தூக்கித்தான் வைப்பாங்க. அதான் அந்த வெளிச்சம்."

வருஷக்கணக்கில் விளையாட்டாக இருந்த வழக்கு ஒரு மாலையில் விளையாட்டாக இல்லாமல் போனது. அப்பாவை அழைத்துப்போக வந்த சிவக்குமாரின் மகள் தமிழ்ச்செல்வி மாடி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் இருப்பதைப் பார்த்தும் நாகசுப்பிரமணியன் சொன்னார்: "செக்குல கையெழுத்துச் சரியான்னு பாத்தே காலத்த ஓட்டுன ஆளுக்கு இதெல்லாம் எங்க வெளங்கப்போவுது?" சிவக்குமார் காப்பித் தம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். அதன்பின் அந்தப் படியில் ஏறவில்லை. தம்ளரை மறுநாள் ஹம்சவேணிதான் எடுத்தார். எடுத்தவர் தமிழிலும் திட்டவில்லை, சௌராஷ்டிரத்திலும் திட்டவில்லை.

தனியாகக் கேட்பது வேறு வேலை. மறுத்துப் பேச ஆளில்லாத இடத்தில் ஒருவருடைய ரசனை கேள்வியில்லாமல் தடித்துப்போகிறது; நாகசுப்பிரமணியனுடையதும் தடித்தது. கேசட்டின் பெருமையைக் கடைக்கு வருகிற ஃப்ரேம் கம்பெனிப் பிரதிநிதிகளிடம்கூடச் சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள்.

போன ஆடியில் தட்டையும் கேசட்டையும் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்தார். இரைச்சலை நீக்கி, இரண்டையும் போனில் ஏற்றிக் கொடுத்தார்கள். கடையில் ஆளில்லாத முற்பகல். முதலில் தட்டு. இரண்டாம் பாகத்தில் குழு ஓய்ந்து, பியானோ தொடங்குவதற்கு முன்பு உள்ள அமைதியில் அரங்கத்தில் யாரோ இருமினார்கள். உடனே ஏதோ ஒரு பொருள் கீழே விழுந்தது. இத்தனை காலமும் தட்டின் கரகரப்பு அதை மறைத்திருந்தது. அடுத்து, இரைச்சல் நீங்கிய கேசட். அதே அமைதி, அதே இருமல், அதே பொருள் அதேபோல விழுந்தது. கொஞ்சம் அவசரமாக, கொஞ்சம் கீச்சென்று.

இரண்டும் ஒரே கச்சேரி. தட்டிலிருந்து திருட்டுத்தனமாகப் படியெடுத்த யாரோ, கேசட்டில் ஏதோ ஒரு பெயரை அச்சடித்திருக்கிறார்கள். அவர்களுடைய இயந்திரம் சற்று வேகமாகச் சுற்றியிருக்கிறது. அந்த ஆண் இல்லவே இல்லை. தெளிவு, துணிவு, வெளிச்சம் என்று நாகசுப்பிரமணியன் பேர் வைத்ததெல்லாம் ஒரு மோட்டாரின் கோளாறு.

அவருடைய தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கண் பரிசோதிக்கும்போது வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பார். நடுவே ஒருமுறை வில்லையை எடுத்துவிட்டு அதையே திரும்பப் போடுவார். பெரும்பாலோர் இரண்டாவதுதான் தெளிவு என்பார்கள். அவர் கோபப்படுவதில்லை. "பொய் சொல்லலைங்க. கேட்டா எதையாச்சும் ஒண்ணச் சொல்லணும்னு ஆளுக்குத் தோணும்" என்று சிரிப்பார். ஆடிக்குப் பிறகு அந்தச் சோதனையை அவர் செய்வதில்லை.

சிவக்குமாரிடம் சொல்லியாக வேண்டும் என்பது அவருக்கு அன்றே தெரியும். பரவையில்தான் சிவக்குமாரின் வீடு. ஒருமுறை பஸ் ஏறி, அங்கே இறங்காமல் அதைத் தாண்டிச் சமயநல்லூர்வரை போய்த் திரும்பிவந்தார். போனை எடுப்பார், எண்ணைப் பார்ப்பார், பிறகு நார்வேக்காரரின் இன்னொரு பதிவைத் தேடப் போய்விடுவார். இப்போது அவருடைய தேடலில் ஆசை குறைவு. தேடாமல் உட்கார்ந்தால் இருமல் கேட்கிறது.

தை பிறந்து சில நாளில், தமிழ்ச்செல்வி ஒரு காலையில் சிவக்குமாரைக் கைப்பிடித்துக் கடைக்குள் கூட்டிவந்தாள்.

"மாமா, அப்பாவுக்குக் கண்ணுல ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, கண்ணாடி போடணும். பரவையிலயே கடை இருக்குல்லன்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறாக. வண்டிய நோ பார்க்கிங்ல விட்டுருக்கேன், ஒதுக்கிட்டு வாரேன்."

அவள் போனதும் கடை பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. சிவக்குமார் இளைத்திருந்தார். பரிசோதனை நாற்காலியில் தானே போய் உட்கார்ந்தார்.

"உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கு."

"சுகர்?"

"அதுவும் இருக்கு."

நாகசுப்பிரமணியன் கனமான பரிசோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் பொருத்தினார். இடது கண்ணுக்குக் கறுப்பு வில்லை, வலது கண்ணுக்கு முதல் வில்லை. எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை.

"இது தெளிவா?"

"நீ இன்னும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கியா?" என்றார் சிவக்குமார். குரலில் கேலி இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வில்லைக்குப் பின்னால், பெரிதாகத் தெரிந்த ஒற்றைக் கண் நாகசுப்பிரமணியனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாகசுப்பிரமணியன் பெட்டியிலிருந்து இன்னொரு கறுப்பு வில்லையை எடுத்தார். அந்தக் கண்ணையும் மூடினார்.

"என்னய்யா மாப்ள, ரெண்டையும் அடைச்சுட்ட?"

"ஒண்ணு சொல்லணும். பாக்காமக் கேளு."

சொன்னார். இருமல், விழுந்த பொருள், இயந்திரம், இல்லாத ஆள் எல்லாவற்றையும் சொன்னார். "நீ சொன்ன அந்தம்மாதான். ரெண்டுலயும் அந்தம்மாதான்" என்றார். தமிழ்ச்செல்வி மாடி வாசலில் நிற்பதைப் பார்த்தேதான் அன்று அப்படிப் பேசினேன் என்பதையும் சொன்னார். முடித்தபோது வெளியே ஓர் ஆட்டோ விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.

சிவக்குமாரின் கை மெல்ல மேலே எழுந்து சட்டத்தைப் பிடித்தது. கழற்றப்போகிறார் என்றுதான் தோன்றியது. மூக்கில் சரிந்திருந்த சட்டத்தை ஏற்றிச் சரியாக உட்காரவைத்துவிட்டு, கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு அடுத்த வில்லைக்காகக் காத்திருந்தார்.